நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு கோச்சிங் சென்டர்: ‘சின்ன வட்டம்’ தொழில் எப்படி ஓடுகிறது, எங்கே சறுக்குகிறது?

தமிழ்நாட்டில் கோச்சிங் சென்டர் என்றதும் நினைவுக்கு வருவது டிஎன்பிஎஸ்சி, நீட், பேங்க் எக்ஸாம். கூட்டம் அங்கேதான். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு மட்டும் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இவ்வளவு பெரிய சந்தையா, நாமும் ஒரு சென்டர் திறக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தச் சந்தையில் ஏற்கெனவே பெரிய பெயர்கள் இருக்கின்றன. யூடியூபில் முழு பாடமும் இலவசமாகக் கிடைக்கிறது. ‘நான் முதல்வன்’ போன்ற அரசுத் திட்டங்களிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம். புதிதாக வருபவர் விளம்பரத்துக்குக் கொட்ட வேண்டிய பணமே லட்சங்களில் போகும்.

அதனால் வேறு வழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு, ஒரே ஒரு தேர்வுக்கு மட்டும் சொல்லிக் கொடுப்பது. கட்டடக்கலை படிக்க விரும்புவோருக்கான நாட்டா தேர்வு, வழக்கறிஞர்களுக்கான சிவில் நீதிபதி தேர்வு, காவலர் தேர்வின் உடற்தகுதிச் சுற்று... இப்படிப் பல. இதில் தென்னிந்தியாவில் வேகமாக வளர்ந்த ஒன்று, வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ்களுக்கான ‘ஓஇடி’ ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி. சின்ன வட்டத்தை வைத்து ஒரு தொழிலை எப்படிக் கட்டுவது, அதில் காசு எங்கே வருகிறது, எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஓஇடி என்றால் என்ன?

‘ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட்’ என்பதன் சுருக்கம். ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு. மருத்துவர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பல் மருத்துவர், மருந்தாளுநர் என 12 சுகாதாரத் தொழில்களில் இருப்பவர்களுக்கு மட்டுமானது.

எல்லோருக்கும் தெரிந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கட்டுரை எழுதச் சொல்வார்கள், வரைபடத்தைப் பார்த்து விவரிக்கச் சொல்வார்கள். பத்து வருடம் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு ‘நகரமயமாதலின் நன்மை தீமை’ பற்றி 250 வார்த்தை எழுதுவது அந்நியமான வேலை. ஓஇடியில் அந்தத் தொந்தரவு இல்லை. நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். நோயாளி போல நடிக்கும் ஒருவரோடு பேசச் சொல்வார்கள். வார்டில் தினமும் செய்கிற வேலைதான்.

பிரிட்டனின் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2017 இறுதியிலிருந்து இந்தத் தேர்வை ஏற்றுக்கொள்கிறது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் ‘பி’ கிரேடு, அதாவது 500-க்கு 350 வேண்டும். எழுதுவதில் மட்டும் ‘சி பிளஸ்’, அதாவது 300 இருந்தால் போதும். எழுத்துக்கு இந்தத் தளர்வு ஏன்? அங்கேதான் பலர் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். “மத்த மூணும் வந்துடுச்சு, ரைட்டிங்லதான் போச்சு” என்பது இந்தத் தேர்வு எழுதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு.

இந்தத் தொழிலின் அஸ்திவாரமே அந்த ஒரு வரிதான்.

காசு கொடுக்கிற இடம் எது?

தேர்வுக் கட்டணமே தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பல நர்ஸ்களின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஒரு முறை தவறினால் அந்தப் பணம் போச்சு. அதோடு மாதங்களும் போகும். வீட்டில் கல்விக் கடன், தம்பி தங்கை படிப்பு, கல்யாணப் பேச்சு என்று எல்லாமே அந்த ரிசல்ட்டை நம்பி நிற்கும். ஆகவே ஒரு நர்ஸ் பயிற்சிக்குப் பணம் கட்டும்போது அவர் வாங்குவது ‘ஆங்கில அறிவு’ இல்லை. இன்னொரு முறை தோற்காமல் இருக்க ஒரு வழி.

இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒரு தேர்வின் எந்தப் பகுதியில், எந்த வகை ஆட்கள், எந்தக் காரணத்தால் விழுகிறார்கள் என்பதை மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதே இங்கே சரக்கு.

ஒரு உதாரணம். 68 வயது பெண் நோயாளி, இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறார். அவர் வீட்டுக்குப் போய்க் கவனிக்கப்போகும் நர்ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேஸ் நோட்ஸில் எல்லாம் இருக்கும். சின்ன வயதில் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், அண்ணனுக்கு இருக்கும் ஆஸ்துமா, முதல் நாள் கொடுத்த வலி ஊசி, தையல் பிரிக்க வேண்டிய தேதி, சர்க்கரை மாத்திரை, வீட்டில் படிக்கட்டு இருப்பது, தனியாக வசிப்பது.

நம் ஊர் மருத்துவமனையில் பழகிய நர்ஸ், ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது எதையும் விடக் கூடாது என்று கற்றவர். விட்டால் சீனியரிடம் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கடிதத்தில் அடுக்கிவிடுவார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் மதிப்பெண் குறையும். கடிதத்தைப் படிக்கப்போகிறவருக்கு வேண்டியது தையல் தேதி, மாத்திரை, படிக்கட்டு, தனியாக இருப்பது ஆகியவைதான். அப்பெண்டிக்ஸும் அண்ணனின் ஆஸ்துமாவும் வேண்டாம். எழுத்துத் தாளை ஆறு அளவுகோல்களில் திருத்துகிறார்கள். மொழி அதில் ஒன்று மட்டுமே. கடிதத்தின் நோக்கம் தொடக்கத்திலேயே புரிகிறதா, தேவையானது இருக்கிறதா, தேவையில்லாதது விடப்பட்டிருக்கிறதா என்பவற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு.

45 நிமிடத்தில் முதல் 5 நிமிடம் நோட்ஸை வாசிக்க மட்டும். மீதி 40 நிமிடத்தில் கிட்டத்தட்ட 180 முதல் 200 வார்த்தைகளில் கடிதம் முடிய வேண்டும். எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் அந்த நேரத்தில் நடக்கும் பெரிய வேலை.

பேசும் தேர்விலும் இதே கதை. நோயாளி பயப்படுகிறார் என்றால் நம் வார்டில் வரும் முதல் பதில், “ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க.” அன்பான வார்த்தைதான். ஆனால் ஓஇடி பேசும் தேர்வில், நோயாளி எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, அவர் சொல்வதைக் காது கொடுத்து வாங்கி, பிறகு விளக்க வேண்டும். நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்வதற்கென்றே தனி மதிப்பெண் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட இங்கே ‘பி’ வாங்காமல் போவது இதனால்தான்.

பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துபவருக்கு இந்த இரண்டு விஷயமும் தெரிய வாய்ப்பு குறைவு. ‘இங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ், ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, பிரெஞ்ச், ஜெர்மன் கற்றுத்தரப்படும்’ என்று ஒரே பலகையில் எழுதிய இடத்தை விட்டு, ‘நர்ஸ்களுக்கு மட்டும்’ என்று எழுதிய இடத்துக்கு ஒரு நர்ஸ் போவதற்குக் காரணமும் இதுதான்.

யார் நடத்தலாம்? ஆங்கில ஆசிரியரா, நர்ஸா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவருக்கு கேஸ் நோட்ஸில் வரும் சுருக்கெழுத்துகள் புரியாது. வார்டு அனுபவம் உள்ள நர்ஸுக்கு ஒரு வாக்கியம் ஏன் தப்பு என்று விளக்கத் தெரியாமல் போகலாம். இரண்டும் தெரிந்தவர் அபூர்வம்.

நன்றாக ஓடும் சின்ன சென்டர்களில் பெரும்பாலும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மொழி ஆசிரியர், இன்னொருவர் தானே இந்தத் தேர்வை எழுதித் தேறிய நர்ஸ். கணவன் மனைவியாக நடத்துவதும் உண்டு. தனி ஆளாகத் தொடங்குபவர் ஆங்கில ஆசிரியர் என்றால், முதலில் தானே ஒரு முறை அந்த மாதிரித் தேர்வுத் தாள்கள் அத்தனையையும் நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது நல்லது. ஓஇடி தளத்திலேயே மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொருவர் நடத்தும் மெட்டீரியலை ஜெராக்ஸ் போட்டு ஆரம்பிப்பது காப்புரிமைப் பிரச்னை என்பது ஒருபுறம். அதில் இருக்கும் தப்பும் சேர்ந்து வந்துவிடும் என்பது இன்னும் பெரிய ஆபத்து.

பேட்ச் நேரம் என்ற தலைவலி

மாலை 6 மணி பேட்ச் என்று போட்டால் பள்ளி மாணவர்கள் வருவார்கள். நர்ஸ்கள் வர மாட்டார்கள். இந்த வாரம் மார்னிங் டூட்டி, அடுத்த வாரம் நைட் டூட்டி என்று மாறிக்கொண்டே இருக்கும். நைட் டூட்டி முடித்து வந்தவரிடம் காலை 10 மணிக்கு ரீடிங் பயிற்சி கொடுத்தால் பாதித் தாளிலேயே தூங்கிவிடுவார்.

அதனால் ஒரே பாடத்தை நாளில் இரண்டு நேரம் எடுப்பது, டூட்டி மாறினால் எந்த பேட்சிலும் உட்கார அனுமதிப்பது, வகுப்பைப் பதிவு செய்து தருவது என்று ஏற்பாடு செய்கிறார்கள். கேட்க சின்ன விஷயம். ஆனால் ஒரு தொழிலில் இருப்பவரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்து நேரம் அமைப்பதே அவர்களை நிறுத்தி வைக்கிறது.

சரி, வருமானம் எவ்வளவு?

இங்கேதான் பலரின் கணக்கு தப்பாகிறது. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டு வாரப் பயிற்சி, ஒரு பேட்சில் 12 பேர், கட்டணம் தலைக்கு 12,000 ரூபாய். மொத்தம் 1,44,000 ரூபாய்.

வகுப்பு நேரம், வாரம் 5 நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேரம். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் மணிக்கு 2,400 ரூபாய். அருமையான தொழில் போலத் தெரியும்.

ஆனால் ஒவ்வொருவரும் வாரம் இரண்டு கடிதம் எழுதினால் எட்டு வாரத்தில் 192 கடிதங்கள். ஒவ்வொன்றையும் வரிக்கு வரி பார்த்து, எதை விட்டிருக்க வேண்டும் என்று குறிப்பு எழுதித் திருத்த 20 நிமிடம் ஆகும் என்று வைத்தால் 64 மணி நேரம். ஆளுக்கு ஆறு முறை தனியாகப் பேசும் பயிற்சி, தலா அரை மணி என்றால் இன்னும் 36 மணி நேரம். ஆக மொத்தம் 160 மணி நேர உழைப்பு. மணிக்கு 900 ரூபாய். வாடகை, இணையம், விளம்பரம், இன்னொரு ஆசிரியரின் பங்கு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

திருத்தும் நேரம் வகுப்பு நேரத்தைத் தாண்டிவிட்டதைக் கவனிக்கலாம். இந்தத் தொழிலில் விற்பது வகுப்பு இல்லை, திருத்தம். வகுப்பு யூடியூபிலும் கிடைக்கும். தன் கடிதத்தில் நான்காவது வரி ஏன் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் 12,000.

அப்போ பேட்சில் 30 பேரைச் சேர்த்தால்? வகுப்புக்கு அதே 60 மணி நேரம்தான். வருமானம் 3,60,000. ஆனால் 480 கடிதங்கள், 160 மணி நேரத் திருத்தம். ஒருவரால் முடியாது. முடியாதபோது நடப்பது எல்லோருக்கும் தெரியும். “இந்த டெம்ப்ளேட்டை மனப்பாடம் பண்ணிக்கோங்க, எந்தக் கேள்வி வந்தாலும் இதுல போட்டுடலாம்” என்று ஒரு தாள் கைக்கு வரும். கேஸுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்து எழுதத் தெரிகிறதா என்று பார்க்கும் தேர்வில், மனப்பாடக் கடிதம் நோயாளிக்குப் பொருந்தாமல் நிற்கும். அந்த பேட்ச் தோற்கும். சென்டரின் பெயரும் அதோடு போகும்.

வளர வேண்டுமென்றால் ஆள் சேர்ப்பதற்கு முன் திருத்துபவரைச் சேர்க்க வேண்டும். ஓஇடி தேறிவிட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் பழைய மாணவர்கள் இதற்கு நல்ல கைகள். கடிதத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். முதல் சில வாரம் அவர்கள் திருத்தியதை ஆசிரியர் மறுபடி பார்த்தால் தரம் கலையாது.

மாணவர் எங்கிருந்து வருகிறார்?

பெரிய சந்தையில் பேனர், டிவி விளம்பரம். சின்ன வட்டத்தில் வாய்ப்பேச்சு. நர்ஸ்களின் உலகம் சிறியது. ஒரே கல்லூரியில் படித்தவர்கள் சென்னை, கோவை, வேலூர், மதுரை மருத்துவமனைகளில் பரவியிருப்பார்கள். எல்லோரும் இன்னும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில்தான். ஒருவருக்கு ‘பி’ வந்தால் அன்று இரவே, “அக்கா, எங்க படிச்சீங்க?” என்ற மெசேஜ் வந்துவிடும். மோசமான அனுபவமும் அதே வேகத்தில் பரவும்.

அதனால்தான் முதல் பேட்சைக் காசுக்காக நடத்தாமல், ஐந்தாறு பேரோடு குறைந்த கட்டணத்தில், வீட்டிலிருந்தோ ஆன்லைனிலோ நடத்திப் பார்ப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டாயிரம் சதுர அடி வாடகை இடம், ஏசி, ரிசப்ஷனிஸ்ட் என்று கடன் வாங்கித் தொடங்குபவர்களுக்கு அந்த ஐந்து பேரின் ரிசல்ட் வருவதற்குள் வாடகை கழுத்தைப் பிடிக்கும்.

ரிசல்ட்டை விளம்பரமாகப் போடுவதற்கு இப்போது விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில், 50 பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் சென்டர்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்வானவரின் பெயர், போட்டோ, வீடியோவை அவர் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளாமல் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒப்புதலையும் தேர்ச்சி பெற்ற பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அவர் எந்த கோர்ஸ் படித்தார், எத்தனை நாள், பணம் கட்டியா இலவசமா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். ‘100 சதவீதம் தேர்ச்சி உறுதி’ என்றெல்லாம் போட முடியாது.

50 பேருக்குக் கீழே இருப்பதால் நமக்கு இது இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே இடம் தருகிறது. திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

ஒரே காலில் நிற்கும் ஆபத்து

வட்டம் சின்னதாக இருப்பதன் பலம் இதுவரை சொன்னது. பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. விதியை எழுதுகிறவர் லண்டனில் உட்கார்ந்திருக்கிறார்.

2025 ஜூலை 22-ல் பிரிட்டன் அரசு, பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் விசா வழியை மூடியது. ‘கேர் விசா’ என்ற ஒரே வார்த்தையை நம்பி பேட்ச் நடத்தியவர்களுக்கு அதோடு கதவு சாத்தியது. நர்ஸ்களுக்கு அந்த வழி மூடப்படவில்லை. ஆனால் அங்குள்ள அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பு இருந்த அளவுக்கு இல்லை. வேலை குறைந்தால் தேர்வு எழுதுபவர் குறைவார். பாடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் இதை ஆசிரியரால் மாற்ற முடியாது.

விதி மாறுவது எப்போதும் கெடுதலும் இல்லை. 2023-ல் பிரிட்டன் கவுன்சில், 12 மாத இடைவெளிக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட அனுமதித்தது. அதற்கு முன்பு 6 மாதம்தான். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் என்ற நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனைக்குள் வந்தால் பழைய ரிசல்ட்டையும் புதிய ரிசல்ட்டையும் இணைத்தே வேலையை முடிக்கலாம். இது தெரிந்த கோச், “உங்களுக்கு இன்னொரு கோர்ஸ் வேண்டாம் சிஸ்டர், இந்த ரெண்டையும் சேர்த்துப் போடுங்க” என்று சொல்லி அனுப்புவார். அன்று 12,000 ரூபாய் நஷ்டம்தான். அந்த சிஸ்டரின் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதப்படும் என்று யோசித்தால் நஷ்டமில்லை.

ஒரே காலில் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்? வட்டத்தை உடைத்து மறுபடி ‘எல்லோருக்கும் ஆங்கிலம்’ என்று போவது வழியல்ல. அதே ஆட்களுக்கு அடுத்த படியைச் சேர்க்கலாம். பிரிட்டன் போகும் நர்ஸ் மொழித் தேர்வோடு முடிப்பதில்லை. கணினி வழித் தேர்வு ஒன்று இங்கிருந்தே எழுத வேண்டும், அங்கே போனபிறகு ‘ஆஸ்கி’ என்ற செய்முறைத் தேர்வு இருக்கிறது. இரண்டுக்கும் பயிற்சி தேவை. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தும் ஓஇடியை ஏற்பதால் ஒரு நாட்டில் ஆள் எடுப்பது குறைந்தாலும் முழுதாகப் படுத்துவிடாது.

ஜெர்மனி இன்னொரு திசை. அங்கே நர்ஸாக முழு அங்கீகாரம் பெற பொதுவாக பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். ஆனால் அது ஓஇடி போல எட்டு வார வேலை இல்லை. அ, ஆ-விலிருந்து தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் அதிகம், நடுவில் நின்றுவிடுகிறவர்களும் அதிகம். கட்டணம், ஆசிரியர், இடம் எல்லாமே வேறு கணக்கு. ஓஇடி நன்றாகப் போகிறது என்பதற்காக ஜெர்மனை ஒட்டவைக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சொதப்புவார்கள்.

“கன்ஃபார்மா வேலை கிடைக்குமா சார்?”

சேர வரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது. தொழில் நடத்துபவரைச் சறுக்க வைக்கும் கேள்வியும் இதுதான். ஏனென்றால், கோர்ஸில் வரும் லாபத்தைவிட ஆள் அனுப்புவதில் கிடைக்கும் கமிஷன் பல மடங்கு. “தெரிஞ்ச ஏஜென்ட் இருக்காரு, அவர்கிட்ட அனுப்புறேன்” என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பார்கள். பிறகு பணத்தை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு பெற வேண்டும். பதிவு இல்லாமல் செய்வது குற்றம். பதிவு பெற்ற முகவரே வேலை தேடுபவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்க முடியும். பிரிட்டனின் சுகாதாரத் துறை வேலைகளுக்கு இன்னும் கடுமை. அந்நாட்டு நடத்தை விதிப்படி, வேலை வாங்கித் தருவதற்காக நர்ஸிடம் முகவர் கட்டணமே வாங்கக் கூடாது. சவுதி, குவைத் போன்ற ‘இசிஆர்’ பட்டியல் நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதை 2015-ல் அரசு முகமைகளின் கையில் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

ஆகவே கோச்சிங் சென்டர் பலகையில் ‘யுகே வேலை உறுதி’ என்று ஒரு வரி சேர்ந்தால், அது பயிற்சி நிறுவனம் என்ற இடத்திலிருந்து உரிமம் இல்லாத ஏஜென்ட் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பணம் கொடுத்து ஏமாந்த குடும்பம் போலீசுக்குப் போனால், “நான் இங்கிலீஷ் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன்” என்பது எடுபடாது.

நேர்மையாக நடத்துகிறவர்களின் பதில் சின்னது. “ஸ்கோர் வாங்க உதவுவோம். வேலை எங்க கையில இல்ல. பதிவு பெற்ற ஏஜென்ட் யாருன்னு இ-மைக்ரேட் தளத்துல நீங்களே பாருங்க.” இதைக் கேட்டு எழுந்து போகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் தேடியது வேறு கடை.

பதிவு, வரி, பணம் திருப்பித் தருவது

காகித வேலை பெரிதாக இல்லை. தனிநபர் தொழிலாகவே தொடங்கலாம். உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம். அதற்கென்று 2,000, 3,000 கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை.

ஜிஎஸ்டியைத்தான் கவனிக்க வேண்டும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கோச்சிங்குக்கு வரி 18 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு பேட்ச் ஓடினால் ஆண்டுக்கு 17,28,000. மூன்றாவது பேட்ச் சேர்த்தால் 25,92,000, எல்லை தாண்டிவிட்டது. அப்போது 12,000 ரூபாய் கோர்ஸ் 14,160 ஆகும். கட்டணத்தை ஏற்றாமல் அதே 12,000-க்குள் வரியையும் அடக்கினால் கையில் நிற்பது 10,169 ரூபாய்தான். மூன்றாவது பேட்சைத் திறக்கும் முன் இதைப் போட்டுப் பார்க்காதவர்கள், அதிகம் உழைத்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எடுப்பார்கள்.

மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இதுவும் 50 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கானது, நடைமுறைப்படுத்த வேண்டியது மாநிலங்கள். முக்கியமாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது என்றாலும் அதில் ஒரு விஷயத்தைச் சின்ன சென்டரும் எடுத்துக்கொள்ளலாம். முழுக் கட்டணமும் கட்டியவர் நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது.

நர்ஸ்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். திடீரென்று ஐசியூவுக்கு மாற்றுவார்கள், லீவு கிடைக்காது, ஊருக்குப் போக வேண்டி வரும். ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதின் கீழே அச்சடிப்பதற்குப் பதில், எத்தனை வகுப்பு முடிந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், டூட்டி மாறினால் அடுத்த பேட்சில் தொடர முடியுமா என்பதை சேரும் அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் சண்டை வராது. திருத்தப்படும் கடிதங்களின் எண்ணிக்கையையும் அந்தத் தாளிலேயே எழுதலாம். சேர வருகிறவர் எந்த சென்டரிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: என் கடிதங்களில் எத்தனையை, யார் திருத்துவார்?